ஒரு சொல்லும் இல்லாமல் ஆறு கட்டத்தில் ஒரு கதை: படக்கதை வரைய முழுமையான வழிகாட்டி

பேச்சுக் குமிழி கிடையாது. கட்டத்துக்குக் கீழே குறிப்பு கிடையாது. "மறுநாள் காலை" என்று ஓரத்தில் எழுதும் பட்டையும் கிடையாது. ஆறு கட்டத்துக்குள் ஒரு கதை தொடங்கி, சிக்கி, முடிந்துவிட வேண்டும்.

கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகளோடு விடுமுறைகளில் உட்கார்ந்து இதை வரைந்து வருகிறேன். நன்றாக வரையத் தெரிந்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் திணறுகிறார்கள். கை சரியாகத்தான் இருக்கிறது, வேலையின் வரிசை தப்பிவிடுகிறது. கதை முடிவாகும் முன்பே கட்டம் போட்டுவிடுகிறார்கள். அல்லது வசனத்தோடு ஒரு கதையை யோசித்துவிட்டு, வரைந்த பிறகு வசனத்தை மட்டும் எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தால் தாளில் மிஞ்சுவது வாயைத் திறந்தபடி எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆட்கள்தான். சொல் வேண்டாம் என்ற முடிவு கதையைத் தேர்ந்தெடுக்கும்போதே எடுக்க வேண்டியது.

கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையில் நடப்பதாக ஒரு சின்னக் கதையை எடுத்து, முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை அதையே வைத்துச் சொல்கிறேன். அந்த ஊரின் அடுக்கடுக்கான பூண்டு வயல்களும் வளைந்து போகிற ரோடும் படத்துக்கு மிகவும் ஒத்துழைப்பவை.

1. முன்னதாக எடுத்து வைக்க வேண்டியவை

கிறுக்கிப் பார்க்க ஒரு பக்கம் எழுதிய பழைய தாள்கள் ஒரு கத்தை. கடைசிப் படத்துக்கு ஏ4 அளவில் கொஞ்சம் கனமான வெள்ளைத் தாள். எச்பி பென்சில், 2பி பென்சில், நல்ல ரப்பர், 30 செ.மீ. ஸ்கேல், தண்ணீர் பட்டால் கலையாத மையுள்ள கறுப்புப் பேனா. இவ்வளவு போதும்.

வண்ணம் வேண்டாம். முதல் படக்கதையிலேயே வண்ணத்தைக் கையில் எடுத்தால், புரியாத கட்டத்தை நிறத்தால் சரிக்கட்டத் தோன்றும். கறுப்பு வெள்ளையில் புரியாத கட்டம் வண்ணத்திலும் புரியாது.

மலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பனிமூட்டம் இறங்குகிற நாட்களில் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்தத் தாளில் மை கோட்டுக்கு இரண்டு பக்கமும் கசியும், ரப்பர் போட்டால் மேல்தோல் உரியும். நல்ல தாள்களை ஒரு அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், மை போடும் நேரத்தில் மட்டும் வெளியே எடுங்கள்.

2. கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

ஆமாம், எழுதத்தான் சொல்கிறேன். இந்த வாக்கியம் உங்களுக்கு மட்டும், படத்தில் வராது. நம் கதையின் வாக்கியம் இது:

சந்தைக்குப் போகும் பாட்டியின் பூண்டுக் கட்டு வழியில் அவிழ்ந்து பஸ் போய்விடுகிறது, ஆனால் அந்த பஸ்ஸைக் காட்டுமாடு மறித்து நிற்க, பாட்டி நடந்தே வந்து அதில் ஏறிவிடுகிறார்.

இதில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்கு ஏதோ வேண்டும் (பஸ்). ஒரு தடை வருகிறது (கட்டு அவிழ்கிறது). நிலைமை மாறுகிறது (மாடு மறிக்கிறது). மூன்றில் ஒன்று குறைந்தாலும் காட்சிகள்தான் கிடைக்கும், கதை கிடைக்காது. "ஏரியில் படகு போகிறது, குதிரை ஓடுகிறது, மழை வருகிறது" என்று வரைந்து வரும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள்.

அடுத்து, வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு வினையையும் வாயைத் திறக்காமல் நடித்துக் காட்டிப் பாருங்கள். அவிழ்வது, பொறுக்குவது, மறிப்பது, ஏறுவது எல்லாம் நடிக்க வரும். "பாட்டி தன் மகளை நினைத்துக்கொண்டார்" வராது. "போன வாரமும் இப்படித்தான் பஸ் போனது" வராது. நேற்று நடந்தது, மனதுக்குள் இருக்கும் காரணம், ஆளின் பெயர், உறவுமுறை இவற்றில் எதையாவது நம்பி நிற்கும் கதையை இப்போதே மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்ற முடியாது.

ஒரு திருப்பம் போதும். இந்தக் கதையைச் சொன்னதும் பிள்ளைகள் கேட்பார்கள்: "பாட்டி குறுக்குப் பாதையில இறங்கி அடுத்த வளைவுல பஸ்ஸைப் பிடிச்சிடலாமே?" பிடிக்கலாம். மலையில் எல்லோரும் செய்வதுதான், அருமையான கதையும்கூட. ஆனால் அது வேறு கதை. குறுக்குப் பாதையும் வந்து காட்டுமாடும் வந்தால், பாட்டி பஸ்ஸைப் பிடித்தது எதனால் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஒன்றை அடுத்த தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுமாட்டைக் கதையில் சேர்க்கும்போது ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. கொடைக்கானலில் அது தெருவுக்குள்ளேயே வருகிற விலங்கு. அதனால் மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள். பாட்டி அதைத் தடவுவதாகவோ பூண்டு ஊட்டுவதாகவோ வரையாதீர்கள். நம் கதையில் மாடு பஸ்ஸுக்கு முன்னால், பாட்டி பஸ்ஸுக்குப் பின்னால். அந்தத் தூரம் அப்படியே இருக்கட்டும்.

3. ஆட்களை நிழலுருவாக வரைந்து பாருங்கள்

கட்டம் போடும் முன் ஆளை முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆறு கட்டத்தில் ஆறு பாட்டி வருவார்கள்.

முகத்தில் தொடங்காதீர்கள். பாட்டியை முழுக்கக் கறுப்பாக, உள்கோடு எதுவும் இல்லாமல் விரல் உயரத்துக்கு வரையுங்கள். அப்போதும் யார் என்று தெரிய வேண்டும். சேலைக்கு மேல் பெரிய ஸ்வெட்டர், தலையில் துண்டைச் சுருட்டி வைத்த சும்மாடு, அதற்கு மேல் செடியின் தண்டோடு சேர்த்துக் கட்டிய பூண்டுக் கட்டு. தொங்குகிற அந்தத் தண்டுகள்தான் அடையாளம். சாக்கு மூட்டையாக வரைந்தால் உள்ளே கேரட்டா உருளைக்கிழங்கா என்று யாருக்கும் தெரியாது, அவிழ்ந்து உருளும்போதும் அது பூண்டு என்று தெரியாது.

காட்டுமாட்டை நினைவிலிருந்து வரைந்தால் பெரும்பாலும் வீட்டு எருமைதான் வரும். அதன் முதுகில் தோளிலிருந்து நடு முதுகு வரை ஒரு மேடு ஓடும். நெற்றி வெளிறியிருக்கும். கொம்பு பக்கவாட்டில் கிளம்பி மேல்நோக்கி வளையும், நுனி கறுப்பு. உடம்பு கருமையாக இருக்க, முழங்காலுக்குக் கீழே காலுறை மாட்டிவிட்டது போல வெள்ளையாக இருக்கும். பெரிய காளை தோள் உயரத்திலேயே 6 அடியை எட்டும். இதைப் பார்த்து வரைய மாட்டின் அருகே போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. புகைப்படம் போதும்.

4. ஆறு கட்டத்துக்குப் பிரித்தல்

ஒரு கட்டத்தில் ஒன்று மட்டும் மாற வேண்டும். இதை ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று: பூண்டு வயல்களுக்கு நடுவே பாட்டி கட்டோடு வருகிறார். தூரத்தில் வலது ஓரம் பஸ் நிற்கிறது.
இரண்டு: கயிறு அறுந்து பூண்டு சிதறுகிறது.
மூன்று: பாட்டி குனிந்து பொறுக்குகிறார். பின்னால் பஸ் கிளம்பிப் போகிறது.
நான்கு: சும்மாட்டுத் துண்டைப் பிரித்து, அதையே கயிறாக்கிப் பூண்டைக் கட்டுகிறார்.
ஐந்து: வளைவுக்கு அந்தப் பக்கம், ரோட்டுக்குக் குறுக்கே காட்டுமாடு. எதிரே பஸ் நிற்கிறது.
ஆறு: பஸ்ஸின் பின்பக்கம். பாட்டி ஏறுகிறார்.

நான்காவது கட்டத்தில் முதலில் எல்லோரும் வரைவது பாட்டி அழுவதை. கண்ணிலிருந்து பெரிய பெரிய சொட்டுகள். அழுகையில் எதுவும் நகர்வதில்லை. துண்டை இறுக்கி முடிச்சுப் போடும் இரண்டு கைகளை வரைந்தால், பஸ் போய்விட்டது என்ற வருத்தமும் தெரியும், நடந்தாவது போய்விடுவோம் என்ற முடிவும் தெரியும்.

நான்குக்கும் ஆறுக்கும் நடுவே பாட்டி நடந்து வந்ததை நாம் வரையவில்லை. அதைப் பார்ப்பவர் தானாகவே நிரப்பிக்கொள்வார். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தின் வேலை அதுதான். புதிதாக வரைபவர்களுக்கு அதில் நம்பிக்கை வருவதில்லை. பாட்டி எழுந்தார், ஓர் அடி வைத்தார், இன்னோர் அடி வைத்தார் என்று கட்டம் கட்டமாக வரைந்து, மாடு வருவதற்குள் இடத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். ஒரு கட்டத்தை விரலால் மறைத்துப் பாருங்கள். அது இல்லாமலும் கதை புரிந்தால் அந்தக் கட்டம் வேண்டாம்.

மாட்டையும் பாட்டியையும் கடைசிக் கட்டத்தில் சேர்த்துப் போட்டால் என்ன? போட்டுப் பார்த்தால் தெரியும். கண் இடமிருந்து வலமாகப் போகிறது. இடதுபக்கம் பாட்டி ஏறுவதை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் வலதுபக்கம் மாட்டைப் பார்ப்பார்கள். காரணம் தெரியும் முன்பே முடிவு தெரிந்துவிடும். அதனால் மாட்டுக்குத் தனிக் கட்டம். ஐந்தாவதைப் பார்த்ததுமே பார்ப்பவருக்கு விஷயம் பிடிபட்டுவிடும், பாட்டிக்கு இன்னும் தெரியாது. அந்தச் சின்ன இடைவெளியில்தான் சிரிப்பு வருகிறது.

இன்னொன்று, மாடு திடீரென்று வானத்திலிருந்து குதித்ததாக இருக்கக் கூடாது. முதல் கட்டத்தில், வயலுக்கு மேலே சோலைமர ஓரத்தில், ஒரு கரும்புள்ளியும் இரண்டு கொம்பும் சின்னதாக இருக்கட்டும். முதல் பார்வையில் யாரும் கவனிக்க வேண்டியதில்லை. திரும்பப் பார்க்கும்போது கண்டுபிடிப்பார்கள்.

5. சின்ன மாதிரிகள்: தூரமும் திசையும்

இனிமேல்தான் வரைதல். பழைய தாளில் தீப்பெட்டி அளவுக்கு ஆறு கட்டம் கோணல்மாணலாகப் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடத்துக்குள் கிறுக்குங்கள். முகம் வேண்டாம், குச்சி ஆட்கள் போதும். இப்படி மூன்று நான்கு தடவை செய்து பாருங்கள். பெரிய தாளில் அரை மணி நேரம் செலவழித்த கட்டத்தை அழிக்க மனசு வராது. கிறுக்கலை அழிக்க யாரும் தயங்குவதில்லை.

இந்த மாதிரிகளில் இரண்டைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தூரம். எல்லாக் கட்டத்திலும் பாட்டியைத் தலை முதல் கால் வரை ஒரே உயரத்தில் வரைவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. முதல் கட்டம் எட்டத்திலிருந்து இருக்கட்டும், ஏனென்றால் எந்த ஊர், எதை நோக்கிப் போகிறார் என்பதை அங்கேயே சொல்லியாக வேண்டும். இரண்டாவது நெருங்கி வரட்டும், அறுந்த கயிறும் உருளும் பூண்டும் தெரிய வேண்டும். மூன்றாவதில் பாட்டி முன்னால் பெரிதாக, பஸ் பின்னால் சின்னதாக. இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்தால்தான் ஒரே நேரத்தில் நடக்கிறது என்று புரியும். நான்காவது மிக நெருக்கம், கைகள். ஐந்தாவதில் மறுபடி எட்டம்.

இரண்டாவது, திசை. தமிழ் படிக்கிற கண் இடமிருந்து வலமாக ஓடிப் பழகியது. அதனால் பாட்டியும் பஸ்ஸும் எல்லாக் கட்டத்திலும் வலதுபக்கமாகவே போகட்டும். ஒரு கட்டத்தில் பஸ் இடதுபக்கம் பார்த்து நின்றாலும், பஸ் திரும்பி வருகிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். மாடு மட்டும் எதிர்த்திசை, இடதுபக்கம் பார்த்து. தடை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் பஸ்ஸில் ஏறும் படி இடப்பக்கம். வலதுபக்கம் நோக்கிப் போகும் பஸ்ஸைப் பக்கவாட்டில் வரைந்தால் நமக்குத் தெரிவது டிரைவர் உட்காரும் பக்கம், அந்தப் பக்கத்தில் பயணிகள் ஏறும் படி கிடையாது. பிள்ளைகள் ஆறாவது கட்டத்தில் அங்கேயே ஒரு படியை வைத்துப் பாட்டியை ஏற்றிவிடுகிறார்கள். தினமும் பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். "படி எப்படி இந்தப் பக்கம் வந்தது?" என்று கேட்கத் தொடங்கினால் கதை அங்கேயே போச்சு.

பஸ்ஸைத் திருப்பிப் போட்டால் திசை கெடும். எனவே ஆறாவது கட்டத்தைப் பஸ்ஸுக்கு நேர் பின்னாலிருந்து பார்ப்பதாக வரையுங்கள். பஸ்ஸின் பின்கண்ணாடி நடுவில். இடது ஓரத்திலிருந்து கண்டக்டரின் கை மட்டும் வெளியே நீண்டு பூண்டுக் கட்டை வாங்குகிறது. பாட்டி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கியிருக்கிறார். இரண்டு பக்க ஜன்னல்களிலும் தலைகள் நீட்டி முன்னால் பார்த்துக்கொண்டிருக்கின்றன, பாட்டி ஏறுவதை ஒருவரும் கவனிக்கவில்லை. படியை வரையவே தேவையில்லை.

ஐந்தாவது கட்டத்தில் அதே டிரைவர் பக்கம் நமக்கு உதவுகிறது. பஸ்ஸின் முன்பாதி மட்டும் இடது ஓரத்திலிருந்து நுழைகிறது, டிரைவர் நம்மைப் பார்த்த பக்கத்து ஜன்னலில். அவர் கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து ஜன்னலில் முழங்கையை ஊன்றிக் கன்னத்தில் வைத்திருக்கட்டும். நெடுநேரமாக நிற்கிறோம் என்பதைக் கடிகாரம் இல்லாமல் சொல்லியாயிற்று.

6. கட்டம் போடுதல்

ஏ4 தாளைப் படுக்கையாக வையுங்கள். அகலம் 29.7 செ.மீ., உயரம் 21 செ.மீ. கட்டம் ஒவ்வொன்றும் 8.5 செ.மீ. சதுரம், வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை. பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவே 0.5 செ.மீ., மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே 1 செ.மீ. இடதும் வலதும் 1.6 செ.மீ., மேலும் கீழும் 1.5 செ.மீ. ஓரம் மிஞ்சும்.

வரிசைகளுக்கு நடுவே இடைவெளி கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கண் கிட்ட இருக்கும் கட்டத்துக்குத்தான் தாவும். இரண்டு இடைவெளியும் ஒரே அளவாக இருந்தால் சிலர் ஒன்றிலிருந்து நேரே கீழே நான்குக்கு இறங்கிவிடுவார்கள். எண் போட முடியாத படக்கதையில் இந்த அரை சென்டிமீட்டர்தான் வழிகாட்டுகிறது.

7. பென்சில் வேலை

எச்பியில் மெல்லிசாகத் தொடங்குங்கள். அழுத்தினால் அழித்த பிறகும் தடம் நிற்கும். முதலில் ஆறு கட்டத்திலும் ரோடும் தரையும், அப்புறம் ஆட்கள், கடைசியில் முகம். ஒரு கட்டத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதல் கட்டம் அழகாகவும் ஆறாவது அவசரமாகவும் இருக்கும்.

பொருட்கள் தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். நான்காவது கட்டத்தில் சும்மாட்டுத் துண்டு பூண்டைக் கட்டப் போய்விட்டது. ஆறாவதில் பாட்டியின் தலை வெறுமையாக இருக்க வேண்டும், பூண்டுக் கட்டில் துண்டின் முடிச்சு தெரிய வேண்டும். துண்டு இரண்டு இடத்திலும் இருக்கும் படங்களை நிறையப் பார்க்கிறேன். மூன்றாவதில் கிளம்பிய பஸ்ஸுக்குப் புகை உண்டு. ஆறாவதில் என்ஜினை நிறுத்திவிட்டு நிற்கிறது, புகை கூடாது.

பனிமூட்டத்தை அலங்காரமாக எல்லாக் கட்டத்திலும் பூசாதீர்கள். அது தேவையில்லாததை மறைக்கும் கருவி. நான்காவதில் பின்னணி முழுவதையும் மூடிவிடுங்கள், கையும் துண்டும் மட்டும் நிற்கட்டும். மூன்றாவதில் வளைவின் மறுபக்கத்தை மூடினால், மாடு அங்கே இருந்தும் ஏன் தெரியவில்லை என்ற கேள்விக்குப் பதிலாகிவிடும். வரைவதும் சுலபம்: தூரத்துப் பொருளின் கோடுகளை மெலிதாக்கி, பாதியில் விட்டுவிடுங்கள். வெள்ளைத் தாளே பனி.

எழுத்து திருட்டுத்தனமாக நுழையும் இடங்கள் பஸ்ஸின் பெயர்ப்பலகை, கடைப் பலகை, மைல்கல், கைக்கடிகாரம். பலகையில் இரண்டு கோடு இழுத்து விடுங்கள். தலைக்கு மேல் கேள்விக்குறி, ஆச்சரியக்குறி போடுவதையும் நான் அனுமதிப்பதில்லை. அதைப் போட்ட உடனே தோளையும் கையையும் யோசிப்பது நின்றுவிடுகிறது. வேகக் கோடும் வியர்வைத் துளியும் ஓரளவு பரவாயில்லை.

8. மை போடும் முன் ஒருவரிடம் காட்டுங்கள்

கதை தெரியாத ஒருவரிடம் பென்சில் படத்தைக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் கிடைத்தால் மிகவும் நல்லது. கட்டம் கட்டமாகப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள்.

"புரியுதா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் புரிகிறது என்பார்கள். "என்ன நடக்குதுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நடுவில் விளக்கம் சொன்னால் சோதனை வீண். அவர் விரல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எங்கே திரும்பிப் பின்னால் போகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

விரல் தயங்கிய கட்டத்தைத் திருத்தும் முன் அதற்கு முந்தைய கட்டங்களைப் பாருங்கள். ஐந்தாவது புரியவில்லை என்றால், பெரும்பாலும் மூன்றாவதில் பஸ் எந்தப் பக்கம் போனது என்பது தெளிவாக இல்லை. ஆறாவதில் "இது வேற பஸ்ஸா?" என்று கேட்டால், பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஓர் அடையாளம் கொடுங்கள். ஏணி, மேலே கட்டிய ஒரு கூடை என ஏதாவது ஒன்று மூன்றாவதிலும் ஆறாவதிலும் ஒரே மாதிரி இருந்தால் போதும். பாட்டி, பஸ், மாடு மூன்றையும் சரியான வரிசையில் சொல்லிவிட்டால் மேலே போகலாம். பாட்டியை அவர் அத்தை என்றாலும், பூண்டை வெங்காயம் என்றாலும் கதைக்குக் குறையில்லை.

9. மையும் படம் எடுப்பதும்

கட்டத்தின் ஓரக்கோட்டைக் கடைசியாகப் போடுங்கள். ஸ்கேல் நகர்ந்து ஈர மையை இழுத்துவிடுவது இங்கேதான் அதிகம். வலக்கைக்காரர்கள் இடது மேல் கட்டத்தில் தொடங்கி வலது கீழே முடிக்கவும், இடக்கைக்காரர்கள் வலதுபக்கத்திலிருந்து தொடங்கவும். கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

முன்னால் இருப்பதற்குத் தடித்த கோடு, பின்னால் இருப்பதற்கு மெல்லிய கோடு. காட்டுமாட்டின் உடம்பை 2பியால் அடர்த்தியாக நிரப்புங்கள், காலை வெள்ளையாக விடுங்கள். தாளிலேயே பெரிய கறுப்பு அது ஒன்றாக இருந்தால் கண் தானாக அங்கே போகும். மாட்டை நிரப்புவதற்கு முன் மை நன்றாகக் காயட்டும், அதன் பிறகு மற்ற பென்சில் கோடுகளை அழியுங்கள். பனி நாளில் உள்ளங்கையில் ஒட்டாமல் காய நேரம் பிடிக்கும், மறுநாள் அழிப்பது உத்தமம்.

போனில் படம் எடுக்க ஃபிளாஷ் வேண்டாம். மூடுபனி நாளின் ஜன்னல் வெளிச்சம் நிழலில்லாமல் சீராக விழும். தாளைத் தட்டையாக வைத்து, போனை நேர் மேலே பிடித்து, நான்கு ஓரமும் திரையின் ஓரங்களுக்கு இணையாக வரும் வரை நகர்த்தி எடுங்கள். ஆறு கட்டமும் ஒரே படத்தில் வரட்டும். தனித்தனியாக வெட்டி அனுப்பினால் வரிசை மாறிப் போய்ச் சேரும்.